களிம்புக்குள் பூக்காரி

குச்சியம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் பழைய ரோமானிய வெண்கலக் காசு ஒன்றைக் கையில் கொடுத்தால், அதன் முதுகைப் பெருவிரலால் ஒரு தடவை தடவிவிட்டு, அங்கே நிற்பது யார், கையில் என்ன இருக்கிறது, எந்தக் கால் முன்னால் இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். முன்பக்கத்துத் தலைகளை அவள் மதித்ததே இல்லை. "தலை எல்லாம் ஒரே தலைதான். மூக்கு மட்டும் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். சேதி முதுகுலதான் இருக்கு" என்பாள்.

மூங்கில் குச்சியைச் சீவிச் சீவிக் காசு துலக்கியதால் அருங்காட்சியகத்தில் அவளுக்கு அந்தப் பெயர். வீட்டில் அம்மா. அப்படிக் கூப்பிட ஒரே ஒரு ஆள்தான், மகன். அவன் அப்பா வேலை தேடிப் போனவர். வேலை கிடைத்ததா என்று சொல்லக்கூடத் திரும்பி வரவில்லை.

அம்மா அருங்காட்சியகத்தில் சேர்ந்தது தரை துடைக்க. மூன்றாம் வருடம், காசு அறையில் மேசைக்கு அடியில் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தபோது தோள் இடித்து ஒரு தட்டு கவிழ்ந்தது. அறுபத்து நான்கு காசுகள். ஒவ்வொன்றும் எண் போட்ட காகித உறையின் மேல் காய்ந்துகொண்டிருந்தவை. காப்பாட்சியர் ஓடி வந்து தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அம்மா சத்தமே போடாமல் தரையில் உட்கார்ந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு காசாக எடுத்து ஒவ்வொரு உறைமேல் வைத்துக்கொண்டே போனாள்.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும் எது எங்கேன்னு?"

"மூணு வாரமா இங்கயேதானே சார் காயுது. தினம் துடைக்க வர்றேன். பார்க்காம எப்படி இருக்குறது?"

"தப்பா வெச்சிருந்தா?"

"வெச்சிருந்தா இந்நேரம் கத்தியிருப்பீங்க."

அவர் கத்தவில்லை. எடைக் குறிப்பை எடுத்து இரண்டு நாள் சரிபார்த்தார். அறுபத்து நான்கும் சரி. அடுத்த வாரம் வாளியும் துடைப்பமும் வேறு கைக்குப் போயின. அம்மாவுக்கு ஜன்னல் ஓரத்தில் ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, வளைகிற கம்பியில் பொருத்திய ஒரு பெரிய லென்ஸ்.

வேலை இதுதான். எங்காவது அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு பானை அகப்படும். உள்ளே காசெல்லாம் ஒட்டி ஒரே பச்சைக் கட்டியாக இருக்கும். அதைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறப் போட வேண்டும். வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்ற வேண்டும். தானாகப் பிரிகிற காசை மட்டும் எடுத்து, மூங்கில் குச்சியால் மண்ணை நீக்க வேண்டும். மண்ணைத்தான். மேலே ஏறிய பச்சைக் களிம்பை அல்ல. ஆயிரத்து அறுநூறு வருடம் மண்ணுக்குள் கிடந்த காசில் உருவம் உலோகத்தில் நிற்பதில்லை, களிம்பில் நிற்கிறது. பளபளவென்று ஆக்கப் போனால் உருவமே உதிர்ந்துவிடும். ஊசியைக் காசின் விளிம்பில் மட்டும் தொடலாம். முகத்தில் படக் கூடாது. ஊசி படும் இடத்தில் களிம்பு உடையும். உடைந்த இடத்தில் வெளிர்பச்சையாக மாவு பூக்கும். அந்த நோய் வந்த காசைத் தனியே எடுத்து வைக்காவிட்டால் பக்கத்துக் காசுக்கும் ஆபத்து.

அந்த அறையின் சட்டத்தைக் காப்பாட்சியர் ஒரே வரியில் சொல்லிக் கொடுத்திருந்தார். இருக்குறதைக் காட்டலாம், இல்லாததை உண்டாக்கக் கூடாது. அம்மா அதை முப்பத்தொரு வருடம் வாய்க்குள் முணுமுணுத்தபடியே துலக்கினாள்.

உருவங்களுக்கு அவள் தன் பெயர்களை வைத்திருந்தாள். கொடிக்கு இரண்டு பக்கமும் ஈட்டியோடு நிற்கும் இரண்டு வீரர்கள் 'வாட்ச்மேனுங்க'. அந்தக் காசின் பொருள் சேனையின் பெருமை என்று காப்பாட்சியர் சொன்னார். முதலில் அதில் இரண்டு கொடிகள் இருந்தன, பிறகு காசு சிறுத்தபோது ஒரு கொடியாகிவிட்டது என்றார்.

"கொடி குறைஞ்சுது சரி. ஆளைக் குறைக்கலையே சார், நல்ல நிர்வாகம்."

இன்னொன்று, குதிரையோடு சரிந்து விழும் ஒருவனை மற்றொருவன் ஈட்டியால் குத்துவது. கட்டிக்கு நூறு இருக்கும் அந்த வகை. சுற்றிலும் எழுதியிருப்பதைக் காப்பாட்சியர் படித்துக் காட்டினார்: நல்ல காலம் திரும்பி வந்தது.

"யாருக்கு சார்? குத்துறவனுக்கா, குத்து வாங்குறவனுக்கா?"

"காசு அடிச்சவனுக்கும்மா."

"அதானே பார்த்தேன்."

இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தபடி திரும்பிப் பார்க்கும் ஓநாயைத் துலக்கிய நாட்களில் வீட்டுக்கு வந்து மகனிடம் சொல்வாள்: "பாவம்டா, அதுக்கும் யாராவது வர்றாங்களான்னு பார்த்துக்கிட்டேதான் பால் கொடுக்க வேண்டியிருக்கு." தூணில் சாய்ந்து, காலை மாற்றிப் போட்டு நிற்கும் பெண் ஒருத்தி உண்டு. பாதுகாப்பு என்று பெயர். "எனக்கு அந்த மாதிரி ஒரு தூண் போதும். அஞ்சு நிமிஷம் சாஞ்சு நிப்பேன்" என்பாள் அம்மா.

ஆனால் அவள் காத்திருந்தது வேறு ஒருத்திக்காக. காப்பாட்சியர் மேசையில் சுண்ணாம்பு வார்ப்பாக மட்டும் பார்த்தவள். வலது கையில் ஒரு மொட்டு. இடது கையால் உடையின் கரையைத் தூக்கிப் பிடித்து, ஒரு காலை முன்னால் வைத்து நடக்கிறாள். நம்பிக்கை. பழைய பெரிய வெண்கலக் காசுகளில் வருவாள் என்றார் காப்பாட்சியர்.

"எதுக்கு சார் துணியைத் தூக்கிப் பிடிக்கிறா?"

"நடக்கும்போது தடுக்கக் கூடாதுல்ல."

"இல்ல சார். இது துடைச்ச தரையில நடக்குற நடை. ஈரம் படாம போறா. எனக்குத் தெரியாதா?"

அன்றிலிருந்து அவள் பூக்காரி. முப்பத்தொரு வருடத்தில், நான்கு பானைகளில், பூக்காரி ஒரு முறைகூட அம்மாவின் மேசைக்கு வரவில்லை. வந்ததெல்லாம் சிறிய காசுகள். அதில் ஒரு வகையில் நம்பிக்கை என்றே எழுதியிருந்தது. ஆனால் நின்றது தலைக்கவசம் போட்ட ஒரு சிப்பாய், கையில் ஈட்டி.

"பேரு அதேதான்மா. ஆளை மாத்திட்டாங்க."

"அப்ப பூக்காரி?"

"வேலையை விட்டு எடுத்துட்டாங்க."

இதை வீட்டில் சொல்லி அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பாத்திரம் தேய்க்கும்போது, "எத்தனை வருஷ சர்வீஸோ பாவம்" என்றாள்.

மகனுக்கு அவள் எழுதிக் கொடுத்ததெல்லாம் ஒரு பூதான். பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு டப்பா மாறிவிடக் கூடாது. பெயர் எழுதத் தெரியாததால் மூடியின் உட்பக்கம் ஊசியால் கீறிக் கொடுத்தாள். மூன்று இதழ். இடப்பக்கம் வளைந்த காம்பு. காம்பின் நுனியில் ஒரு சின்னக் கொக்கி. டப்பா அவனோடு பாலிடெக்னிக்குக்கும் போனது, பிறகு வேலைக்கும்.

அவன் வேலை வெல்டிங்கை எக்ஸ்ரே எடுப்பது. குழாய்க்குக் குழாய் பற்றவைத்த இடத்தைப் படம் பிடித்து, ஒளிப்பெட்டியில் வைத்து, உள்ளே விரிசல் இருக்கிறதா, காற்றுக்குமிழ் இருக்கிறதா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு முறை தலைமுடி அளவு விரிசலுக்காக அவன் எழுதிய ஒரு வரியால் பதினான்கு பேர் மூடிய பள்ளத்தை மறுபடி தோண்டினார்கள். சைட்டில் 'கறார்' என்று பெயர் வைத்தார்கள். அம்மாவுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. "நீ உள்ள பார்க்குற, நான் வெளிய பார்க்குறேன். ரெண்டு பேரும் இருக்குறதைத்தான் சொல்லணும்" என்பாள்.

அவன் பெரும்பாலும் சைட்டில் இருந்தான். அம்மாவின் கண்ணை அவன் கவனிக்கவில்லை. சர்க்கரை முதலில் கண்ணுக்குப் போனது, பிறகு சிறுநீரகத்துக்கு. விடுமுறையில் வந்தபோது டம்ளர் நிரம்பியும் அவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்ததைப் பார்த்தான். "பேச்சு சுவாரஸ்யத்துல" என்றாள். நம்பினான்.

ஓய்வுபெறும் வயது தாண்டியும், நான்காவது பானை முடியட்டும் என்று காப்பாட்சியர் அவளை இரண்டு வருடம் நிறுத்தி வைத்திருந்தார். பானையின் அடியில், சிறு காசுகளுக்கு நடுவே, உள்ளங்கைக் குழி அளவுக்கு ஒரு பெரிய காசு ஒட்டிக் கிடந்தது. மற்றவற்றைவிட இருநூறு வருடம் பழையது. அதை அம்மா பதினோரு வாரம் துலக்கினாள். ஒருநாள் மத்தியானம் எழுந்து போய்க் காப்பாட்சியர் மேசையில் வைத்தாள்.

"வந்துட்டா சார்."

மொட்டு, தூக்கிப் பிடித்த கரை, முன்னால் வைத்த கால். காப்பாட்சியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். லென்ஸ் வைத்துப் பார்க்கவில்லை. குச்சியம்மாவின் காசை லென்ஸ் வைத்துச் சோதிப்பது அவளைச் சந்தேகப்படுவது மாதிரி என்று நினைத்தார். கண்ணாடிப் பேழையில் கறுப்புத் துணித் தட்டில் அந்தக் காசின் அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி வைத்தார்கள். கீழே ஒரு சீட்டு: நம்பிக்கை.

அதோடு அம்மா வேலையை விட்டு நின்றாள். ஆறு மாதத்தில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கண்ணில் வெளிச்சம் மட்டும் மிச்சம்.

பானைக் காசுகளைப் பற்றிய புத்தகம் அச்சுக்குத் தயாரானது. பெரிய காசுக்குத் தனிப் பக்கம். அதன் அடியில் 'துலக்கியவர்' என்று போட்டு அம்மாவின் முழுப் பெயர் வரும் என்று காப்பாட்சியரே வீட்டுக்கு வந்து சொன்னார். முந்தைய மூன்று பானைகளின் எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு பெயர் வந்ததில்லை. முன்பக்கத்துத் தலை மட்டும் கட்டியாக மூடியிருந்தது, அது யாருடையது என்று தெரிந்தால் பக்கம் முழுமையாகும் என்றார்.

"எதுக்கு சார் கவலை? என் பையன் உள்ள பார்ப்பான்" என்றாள் அம்மா.

அவர் போன பிறகு மகனிடம் கேட்டாள்: "புத்தகம் வந்ததும் என் பேர் மேல என் விரலை வைக்கிறியா?"

"அச்சு எழுத்து தடவினா தெரியாதும்மா."

"தெரிய வேணாம். இடம் தெரிஞ்சா போதும்."

புத்தகத்தையும் அந்தப் பெயரையும் தவிர அவளுக்கு எதிர்பார்க்க வேறு எதுவும் இல்லை. டாக்டர் நாள் கணக்கு சொல்லிவிட்டார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆட்கள் வெளியே போன பிறகு, கம்பெனிக் கூடத்தில் மகன், காப்பாட்சியர் தன் பொறுப்பில் கொடுத்தனுப்பிய அந்தக் காசைப் படம் எடுத்தான். ஒளிப்பெட்டியில் மாட்டினான். தலை மங்கலாகத் தெரிந்தது. தாடி. கழுத்தில் ஒரு மடிப்பு. இரண்டு பக்கமும் ஒரே படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் விழும். ஆகவே பூக்காரியைத் தேடினான். தலையைத் தவிர எதுவும் இல்லை. எக்ஸ்ரே குழாயில் கோளாறு இருக்கலாம் என்று திறனை மாற்றி எடுத்தான். கோணத்தை மாற்றி எடுத்தான். மூன்று படமும் ஒன்றையே காட்டின. அந்தக் காசு கை மாறிக் கை மாறி, மண்ணுக்குள் போகும் முன்பே முதுகு தேய்ந்து வழவழவென்று ஆகியிருக்கிறது. தலையின் மேடு போக, மற்ற இடமெல்லாம் தடிப்பு சீராக இருந்தது. சீரான தடிப்பில் உருவம் இருக்க வழியில்லை.

பிறகு காசை லென்ஸுக்கு அடியில் வைத்தான். காலின் ஓரத்தில் நீளக் கீறல்கள், எல்லாம் ஒரே திசையில். மூங்கில் அப்படிக் கீறாது. மொட்டுக்கு வந்தான். மூன்று இதழ். காம்பு இடப்பக்கம் வளைந்திருந்தது. நுனியில் ஒரு கொக்கி.

சாப்பாட்டு டப்பா பக்கத்து மேசையில்தான் இருந்தது. அவன் மூடியைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் ஜன்னலோரக் கட்டிலில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவன் செருப்பு விடும் சத்தம் கேட்டதுமே ஆரம்பித்துவிட்டாள்.

"படம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"தலை யாராம்?"

"தாடி இருக்கு. சார்தான் பார்த்துச் சொல்லணும்."

"தாடிக்காரனா? தாடி வெச்சவன்ல ஒண்ணு ரெண்டு நல்லவன் உண்டும்பாரு சார்." அவன் பக்கம் திரும்பினாள். "என் ஆளு எப்படி இருக்கா?"

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ஏன்டா, பள்ளத்தைத் தோண்டச் சொல்லப்போறவன் மாதிரி மூச்சு விடுற?"

"அம்மா, காசு முகத்துல நீ ஊசி வெச்சியா?"

தெருவில் யாரோ சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றும் சத்தம் கேட்டது. அம்மா தன் கையைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டாள்.

"வெச்சேன்" என்றாள். "மொட்டுக்கு மட்டும்தான்டா. மத்தபடி அவ அங்க நின்னா. கை தெரிஞ்சுது. கைல என்னமோ மழுங்கிப்போய் இருந்துச்சு. வேற என்ன இருக்கப்போகுதுன்னு லேசா எடுத்து விட்டேன். தப்புதான். முப்பத்தொரு வருஷத்துல ஒரு தப்பு. சார்கிட்ட மொட்டை மட்டும் நான் தொட்டேன்னு சொல்லிடு."

இங்கே அவன் நிறுத்தியிருக்கலாம். மொட்டு மட்டும் என்பதை எடுத்துக்கொண்டு எழுந்து போய் டீ போட்டிருக்கலாம். ஆனால் பாதி அறிக்கை எழுதி அவனுக்குப் பழக்கமில்லை. அவள் வளர்த்த வளர்ப்பும் அப்படி.

"மொட்டு மட்டும் இல்லம்மா."

"என்ன மொட்டு மட்டும் இல்ல?"

"அந்தப் பக்கம் யாருமே இல்ல. வெறும் வழவழப்பு. புதைக்குறதுக்கு முன்னாடியே தேஞ்சுபோன காசு."

"பச்சையில இருந்திருக்கும்டா. உலோகத்துல இருக்காது. உனக்கு அது தெரியாது."

"தேஞ்ச காசு மேல பிடிச்ச பச்சையில எங்கேருந்தும்மா வரும்?"

"கால் இருந்துச்சே. முன்னால வெச்ச கால்."

"இல்ல."

"தூக்கிப் பிடிச்ச துணி?"

"அதுவும் ஊசிதான்."

"நான் பார்த்தேன்டா" என்றாள் அம்மா.

அவன் அவள் கண்ணைப் பார்த்தான். நிரம்பிய டம்ளரில் தண்ணீர் ஊற்றிய கண். அந்தக் கண்ணோடு பதினோரு வாரம். எந்த வாரத்தில் பார்ப்பது முடிந்து நினைப்பது தொடங்கியது என்று எந்த எக்ஸ்ரேயும் காட்டாது.

அவள் பெருவிரலை ஆள்காட்டி விரலோடு சேர்த்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப மத்ததெல்லாம்?"

"எந்த மத்ததும்மா?"

"கடைசி ரெண்டு வருஷத்துல துலக்குன காசு. நூத்தி எண்பதுக்கு மேல இருக்கும். வாட்ச்மேனுங்க, குதிரைக்காரன், எல்லாம். அதுவும் நான் உண்டாக்குனதா?"

"தெரியலம்மா."

தெரியலம்மா என்றுதான் சொன்னான். இருக்காது என்று சொல்லவில்லை. பார்க்காததைப் பற்றி அவன் எதுவும் சொல்வதில்லை.

"எல்லாத்தையும் எடுத்துப் பாரு. சார்கிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா அவரு நம்ப மாட்டாரு."

மறுநாள் அவன் காப்பாட்சியரிடம் மூன்று படங்களையும் கொடுத்தான். அவர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "நான் லென்ஸ் வெச்சிருக்கணும்" என்று மட்டும் சொன்னார். பக்கத்தை அச்சிலிருந்து எடுத்தார்கள். பக்கத்தோடு பெயரும் போனது.

மற்றக் காசுகளை மொத்தமாக வெளியே கொண்டுபோக மேலிடத்து அனுமதி வேண்டும். காப்பாட்சியர் அன்றே கடிதம் எழுதினார். கடிதம் மாடி ஏறியது. ஒரு மேசையில் கையெழுத்து, அடுத்த மேசையில் ஆள் விடுப்பு. அம்மா தினமும் ஒரு முறை கேட்டாள். "பார்த்துட்டியா?" அனுமதி வரவில்லை என்று அவன் சொல்வான். "ம்" என்பாள். வாட்ச்மேன்களைப் பற்றியோ ஓநாயைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டைத் தள்ளி வைத்தாள். ஏழாம் நாள் டயாலிசிஸுக்கு வர மாட்டேன் என்றாள். கெஞ்சினான், கத்தினான். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பன்னிரண்டாம் நாள் காலையில், அவன் முகம் துடைக்கத் துணி நனைத்துக்கொண்டு வருவதற்குள், போய்விட்டாள்.

பதினான்காம் நாள் அனுமதி வந்தது.

நூற்று எண்பத்தாறு காசுகள். எல்லாமே இரண்டு படத்தில் அடங்கிவிட்டன. நாற்பது நிமிட வேலை. பிறகு மூன்று நாள் ஒவ்வொன்றாக லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்தான். வீரர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். குதிரை விழுந்துகொண்டிருந்தது. ஓநாய் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. நூற்று எண்பத்தாறிலும் ஊசி பட்ட இடம் ஒன்றுகூட இல்லை. இருந்ததைத் தவிர அவள் எதையும் காட்டவில்லை. அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டான். அறிக்கையைப் படிக்க வேண்டிய ஒரே ஆளுக்குப் படிக்கத் தெரியாது. படித்துக் காட்டவும் வழியில்லை.

பூக்காரி இழுப்பறைக்குப் போனாள். இரண்டு மாதம் கழித்துக் காப்பாட்சியர் போனில் சொன்னார்: ஊசி பட்ட இடமெல்லாம் மாவு பூத்துவிட்டது, முதலில் மொட்டுதான் போனது, இப்போது தனிப் பெட்டியில் வைத்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு ஒரு நாள் மகன் அருங்காட்சியகத்துக்குப் போனான். பேழையில் பழைய வட்டம் அப்படியே இருந்தது. சீட்டும் அப்படியே: நம்பிக்கை. சீட்டு அச்சாகிவிட்டதால் அதற்குப் பொருந்துகிற வேறொரு காசை வைத்திருந்தார்கள். ஈட்டி பிடித்த சிப்பாய். சுண்டுவிரல் நகம் அளவுக் காசு, உள்ளங்கைக் குழி அளவு வட்டத்துக்குள் ஒரு பக்கமாகச் சரிந்து குப்புறக் கிடந்தது.

"விழுந்து கிடக்கே" என்றான் காவலாளியிடம்.

"அது தினமும் விழும் சார். கதவை யாராவது அடிச்சுச் சாத்துனா போதும்" என்றார் அவர். "காலையில நிமிர்த்தி வெச்சாச்சு. இனி நாளைக்குத்தான்."